மரபுக் கட்டடங்களையும் நிலத்தையும் காப்பவர்களுக்கு விருது: யாருக்கு, எதற்காக?

வேளிமலை_அடிவாரம்:

நண்பர்களுக்கு வணக்கம். குமரி மாவட்டத்திலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்திலும் பழைய கட்டடங்களையும் குளம், வயல், மலைச்சரிவு ஆகியவற்றையும் காத்து வருகிறவர்களை ஆண்டுதோறும் பாராட்ட வேண்டும் என்று நம் நண்பர் வட்டத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. பாராட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யாரை, எந்த அளவுகோலைக் கொண்டு என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. ஆகவே கூட்டத்தில் அவசரமாக முடிவெடுப்பதைவிட இங்கே விரிவாகப் பேசிக்கொள்வது நல்லது என்று தோன்றியது.

ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் ஓர் அளவுகோலை முதலில் வைக்கிறேன். ஆசிய பசிபிக் நாடுகளுக்காக யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டு முதல் மரபுப் பாதுகாப்பு விருது வழங்கி வருகிறது. கட்டடம் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். சீரமைப்பு கடந்த 10 ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு குறைந்தது ஓராண்டாவது அந்தக் கட்டடம் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். திருச்சூர் வடக்குநாதர் கோயில் 2015இல் அந்த விருதின் மிக உயர்ந்த நிலையைப் பெற்றது. ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலுக்கு 2017இல் தகுதி நிலை விருது கிடைத்தது. இரண்டும் நமக்குத் தெரிந்த கோயில்கள், நாம் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பவை.

இந்த விதிகளையே சற்றுச் சுருக்கி நாமும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. வழிபாட்டிடங்கள், வீடுகள், நீர்நிலைகள் என்று மூன்று பிரிவுகள் போதும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஓட்டுவீட்டுக்காரி_தக்கலை:

முன்மொழிவுக்கு நன்றி அண்ணாச்சி. ஆனால் "சீரமைப்பு முடிந்திருக்க வேண்டும்" என்ற விதியிலேயே எனக்கு உடன்பாடில்லை. ஒரு வீட்டை இடியவிடாமல் வைத்திருப்பவருக்கு முடிந்த பணி என்று காட்ட எதுவுமே இருக்காது. இருபது ஆண்டுகள் கவனிக்காமல் கிடந்து, பாதி சரிந்து, பிறகு பெரும் பணம் போட்டு எடுத்துக் கட்டியவரிடம்தான் "முன்பு", "பின்பு" என்று இரண்டு புகைப்படங்கள் இருக்கும். இந்த விதியின்படி கைவிட்டவர் பரிசு பெறுவார், கைவிடாதவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். படிப்புரையும் நடு முற்றமும் மர அறைப்புரையும் உள்ள ஒரு வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறையாவது, வைகாசி பிறப்பதற்கு முன்பு, ஆள் ஏறி ஓடு பார்க்க வேண்டும். அணில் ஓடியோ தேங்காய் விழுந்தோ ஓர் ஓடு விரிசல் விட்டிருக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அந்த விரிசல் வழியாக நீர் ஓட்டைத் தாங்கும் பட்டியல் சட்டத்தில் இறங்கி, அதிலிருந்து கூரையின் சாய்மரமான கழுக்கோலுக்கு வந்து, கழுக்கோல் சரிந்திருக்கும் வாட்டத்திலேயே ஓடி, சுவர்மேல் அது உட்காரும் முனையில் போய்த் தேங்கும். தரையில் ஒரு சொட்டுக்கூட விழாததால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒழுகுவதே தெரியாது. இரண்டு மூன்று மழைக்காலத்தில் அந்த முனை மெத்தென்று ஆகிவிடும். ஈரமான மரத்தைத் தேடிக் கரையான் சுவர் வழியாக ஏறும். அதன் பிறகு மாற்ற வேண்டியது ஓடு அல்ல, கழுக்கோல். சில வேளைகளில் உத்திரமும் சேர்ந்து போகும். அயினி மரத்தில் அந்த நீளத்துக்கு உத்திரம் இன்றைக்குக் கேட்டால் மர டிப்போக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஓர் ஓட்டின் விலையில் முடியும் வேலை அது. அதை ஆண்டுதோறும் தவறாமல் செய்கிறவருக்கு உங்கள் மூன்று பிரிவுகளில் எதிலும் இடமில்லை.

எல்லைக்கல்_களியக்காவிளை:

அக்கா சொல்வதற்குப் பெரிய சாட்சி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையைத்தான் சொல்கிறேன். 1601ஆம் ஆண்டளவில் தொடங்கி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிந்து, 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு அரசியல் முக்கியத்துவத்தை இழந்த மாளிகை அது. பெரும்பகுதி மரம். மேலே ஓடு. ஆண்டில் இரு பருவமழையும் வாங்கும் ஊர். இந்தச் சேர்க்கையில் ஒரு கட்டடம் தலைநகர் போன பிறகும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் ஒரே ஒரு பெரிய சீரமைப்பு அன்று. 1930களில் திருவிதாங்கூர் தொல்லியல் துறைத் தலைவர் ஆர். வாசுதேவப் பொதுவாளின் மேற்பார்வையில் நடந்த பணி முக்கியமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணிக்குப் பிறகு அன்றாடம் துடைத்தும் பெருக்கியும் பார்த்தும் வந்த ஊழியர்கள் இல்லாமல் இருந்திருந்தால் நாம் இன்று அங்கே பார்ப்பது உளுத்துப்போன தூண்களைத்தான்.

நவராத்திரி மண்டபத்தின் கருந்தரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த தரை, முகம் தெரியும் அளவுக்கு மின்னும். கூட்டம் வெறுங்காலுடன் வருவதாலும், மணல் துகள் தங்காமல் துடைக்கப்படுவதாலும்தான் அந்த மினுக்கம் இருக்கிறது. மணலோடு நான்கு பேர் தினமும் நடந்தால் சில ஆண்டுகளிலேயே சொரசொரப்பாகிவிடும்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1956 நவம்பர் 1இல் நாம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. நிலம் ஓர் அரசு, மாளிகை இன்னோர் அரசு. இப்படி ஓர் ஏற்பாடு வேறெங்கும் இருந்தால் இதற்குள் வழக்காகி, கட்டடம் பூட்டப்பட்டு, பூட்டும் துருப்பிடித்திருக்கும். அது நடக்காமல் பார்த்துக்கொண்ட இரு பக்கத்து ஊழியர்களையும் எந்த மேடையிலும் யாரும் அழைத்ததாக எனக்கு நினைவில்லை. விருது என்று ஒன்று வைத்தால் அதை எல்லையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வைக்காதீர்கள்.

சாமிதோப்பு_சாலை:

எல்லாம் சரி. ஆனால் விருது என்பது கடைசியில் ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, நாளிதழில் நான்கு வரிச் செய்தி. பொன்னாடையைக் கொண்டு கூரையை மூட முடியாது. பணம் இல்லாத பாராட்டால் எந்தச் சுவரும் நிற்கப் போவதில்லை. திருச்சூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் விருது கிடைத்ததைப் பேசுகிறோம். இரண்டுக்கும் பின்னால் வேணு சீனிவாசன் போன்ற தொழிலதிபரின் அறக்கட்டளைப் பணம் இருந்ததையும் சேர்த்தே பேச வேண்டும். பணத்தைத் திரட்டுங்கள், விழாவைப் பிறகு பார்க்கலாம்.

கடுக்காய்_சுண்ணாம்பு:

நான் கட்டடப் பொறியியல் படித்து, சில ஆண்டுகளாகப் பழைய கட்டடங்களின் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். சாமிதோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை: இந்தத் துறையில் பணமில்லாமல் கெட்ட கட்டடங்களைவிடப் பணம் வந்து கெட்ட கட்டடங்கள் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் நீரை உறிஞ்சும், வெயில் அடித்தால் வெளியே விடும். அந்தச் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடுகிறது. சுவரில் இருக்கும் உப்பு அந்த ஈரத்தில் கரைந்து, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, உள்ளிருந்தே சுவரைப் பொடியாக்குகிறது. பூசிய முதல் ஆண்டில் பளிச்சென்று இருக்கும், விழாவும் நடக்கும், கல்வெட்டில் உபயதாரர் பெயரும் பொறிக்கப்படும். ஐந்தாறு ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழும்போது பழைய செங்கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். கருங்கல் கோயில்களில் இதைவிட மோசம்: எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறோம் என்று அழுத்தத்தோடு மணலைப் பீய்ச்சி அடித்தால் அழுக்கோடு கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் சேர்ந்தே போகும். இவற்றையெல்லாம் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தெரியாமல், ஆனால் தாராளமாகச் செலவு செய்து செய்தார்கள்.

ஆகவே விருதுக்கான முதல் விதி, என்ன செய்தார்கள் என்பதற்கு முன்னால் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதாக இருக்கட்டும். யுனெஸ்கோ நடுவர்கள் வடக்குநாதர் கோயில் பணியைப் பாராட்டியதற்கு முக்கியக் காரணம், மரபான கட்டுமுறை அறிவைக் கொண்டே அங்கே மரத்தையும் சுவரையும் பழுது பார்த்தார்கள் என்பதுதான். நம் பக்கத்தில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6இல் குடமுழுக்கு நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே மூலவர் கல்லில் செதுக்கிய உருவம் அன்று. 16,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கி, மண், பிசின், மூலிகை முதலியவை சேர்ந்த கடுசர்க்கரைக் கலவையால் உருவாக்கிய திருமேனி. இப்படிப்பட்ட ஒன்றில் கைவைப்பதற்கு நிதி இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கலவை தெரிந்த கை வேண்டும். அந்தக் கைகள் அருகி வருகின்றன.

வேளிமலை_அடிவாரம்:

தக்கலை அக்காவின் மறுப்பை ஏற்கிறேன், பிரிவுகளை மாற்றி எழுத வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. முடிந்த பணி என்றால் நேரில் போய்ப் பார்த்து மதிப்பிடலாம். ஆண்டுதோறும் ஓடு பார்த்தார்கள் என்பதை எப்படி மதிப்பிடுவது? எல்லோரும் "நான் பார்த்தேன்" என்றுதான் சொல்வார்கள்.

கொல்லங்கோட்டான்_இப்போது_உட்ரெக்ட்:

வேளிமலை ஐயாவின் கேள்விக்கு நான் இருக்கும் நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. நெதர்லாந்தில் 1973ஆம் ஆண்டு மோனுமென்டன்வாக்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பழைய கட்டடம் வைத்திருப்பவர் சந்தா கட்டி உறுப்பினராகலாம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை இருவர் கருவிப்பெட்டியோடு வண்டியில் வந்து இறங்குவார்கள். கூரைமேல் ஏறி, பரணுக்குள் தவழ்ந்து, மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் சருகு வரைக்கும் பார்ப்பார்கள். நழுவிய ஓட்டை அங்கேயே நேராக்குவார்கள், சிறிய ஒழுகலை அங்கேயே அடைப்பார்கள். போகும்போது எது உடனே செய்ய வேண்டியது, எது அடுத்த ஆண்டுவரை பொறுக்கும் என்று பிரித்து ஓர் அறிக்கை கொடுப்பார்கள். பெரிய வேலையை அவர்கள் எடுத்துச் செய்வதில்லை. அதனால் வேலை பிடிப்பதற்காகப் பழுதைப் பெரிதாக்கிச் சொல்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியிலும் 1991இல் இதையே தொடங்கினார்கள்.

இந்த எண்ணம் ஐரோப்பாவில் அதற்கும் முந்தையது. இங்கிலாந்தில் 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழையதை "மீட்டெடுக்கிறோம்" என்று சொல்லிப் புதிதாக்குவதை எதிர்த்து, அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுவதே சரியான வழி என்று அப்போதே அறிக்கை வெளியிட்டது. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

நம் வட்டத்தில் ஓர் ஆசாரியும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து, மழைக்கு முன்பு விருப்பம் தெரிவிக்கும் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தால், சில ஆண்டுகளில் எந்த வீட்டைத் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அந்த அறிக்கைகளிலேயே தெரிந்துவிடும். விருதுக்கும் சான்று ஆயிற்று, வீட்டுக்கும் பயன் ஆயிற்று. ஆண்டுச் செலவும் ஒரு விழாவின் பந்தல் செலவைத் தாண்டாது என்று நினைக்கிறேன்.

சாமிதோப்பு_சாலை:

இதை ஏற்கிறேன். இதற்குப் பணம் கேட்டால் நானும் தருவேன்.

தேரூர்_குளக்கரை:

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் கூரைக்குக் கீழேயே நிற்கிறீர்கள். தலைப்பில் நிலமும் இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் கட்டடத்தைவிடப் பழைய கட்டுமானம் குளந்தான். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 94 எக்டேர். அதே ஆண்டில் வேம்பனூர் ஈரநிலமும் சேர்ந்தது. பறவைகளுக்காகக் கிடைத்த ஏற்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகள் இந்தப் பகுதிக் குளங்களைப் பெயர் சொல்லியே குறிக்கின்றன. மனிதர் வெட்டி, மனிதர் கரை கட்டி, மனிதர் மடை திறந்து மூடி வந்ததால்தான் பறவை வந்து தங்கும் நீர்ப்பரப்பாக அது இருக்கிறது.

ஆனால் குளத்தைக் காப்பது என்பது ஒரு கரையைக் காப்பதோடு முடிவதில்லை. மேலே ஒரு குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர்தான் கீழே இருக்கும் குளத்தின் வரத்து. நடுவில் ஒரே ஒரு வரத்துக்கால் மேல் மண்ணடித்து மனை போட்டால் கீழே இருக்கும் குளம் எவ்வளவு அழகாகத் தூர் வாரப்பட்டிருந்தாலும் கிரிக்கெட் மைதானந்தான். அந்தக் குளத்தை நம்பிக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் போட்டு வந்த வயல் தரிசாகும். தரிசான வயலை விற்பது எளிது. விற்ற வயலில் செம்மண் நிரப்ப வேண்டும். செம்மண்ணுக்கு மலையடிவாரத்தை வெட்ட வேண்டும். மனைக்கு அடித்தளம் போடக் கல் வேண்டும், கல்லுக்கு மலை. நம் மாவட்டத்தில் மலை குறைவதும் வயல் குறைவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். எல்லையைத் தாண்டி வரிசையாகப் போகும் கல் லாரிகளைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள்.

ஆகவே நிலத்துக்கான விருதைக் குளத்துக்குக் கொடுக்காதீர்கள். சுற்றியுள்ள எல்லோரும் விற்ற பிறகும் இரண்டு ஏக்கரில் இன்னும் நெல் போடுகிறவருக்குக் கொடுங்கள். நட்டம் என்று தெரிந்தே போடுகிறார். அவர் நிறுத்திவிட்டால் அந்த மடையைத் திறக்கச் சொல்லிக் கேட்பதற்கே ஆளில்லை. கேட்பதற்கு ஆளில்லாத மடை எத்தனை நாள் மடையாக இருக்கும்?

எல்லைக்கல்_களியக்காவிளை:

தேரூர்க்காரரின் கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதோடு வழிகளையும் சேர்க்க வேண்டும். நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இந்தச் சாலை வழியாகத்தான் திருவனந்தபுரம் போகிறார்கள். களியக்காவிளையில் தமிழகக் காவலர்கள் விடைகொடுக்கக் கேரளக் காவலர்கள் வரவேற்கிறார்கள். ஊர்வலம் தவறாமல் நடக்கிறது. ஆனால் வழியில் இருந்த சுமைதாங்கிக் கற்களும் கல்மண்டபங்களும் சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் ஒன்றிரண்டாகக் காணாமற்போகின்றன. ஒரு சுமைதாங்கியைப் பெயர்த்துப் போடாமல், சாலைப் பணி ஒப்பந்தக்காரரிடம் பேசி நான்கடி தள்ளி நட்டு வைத்த ஊர்க்காரர்கள் இருந்தால் அவர்களும் நம் பட்டியலில் வர வேண்டும்.

ஏட்டுச்சுவடி:

ஒரு கேள்வி. கட்டடத்தைத் தொடாமல், ஆனால் அது இன்னது என்று எழுதி வைத்தவரைக் காப்பவர் என்று கருதுவோமா? நான் கருதுகிறேன். சிதறால் திருச்சாரணத்து மலையில் இன்று பகவதி கோயிலாக வழிபடப்படும் இடம் 9ஆம் நூற்றாண்டில் சமணத் தலமாக இருந்தது என்பதும், ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி அங்கே பொன் அளித்தார் என்பதும் நமக்குத் தெரிவது, பாறையில் இருந்த வட்டெழுத்தை ஒருவர் படியெடுத்துப் படித்ததால்தான். திருவிதாங்கூர் தொல்லியல் துறையில் து. அ. கோபிநாத ராவ் செய்த வேலை அத்தகையது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளைத் தேடிப் போய்ப் படித்ததும் அத்தகையதே. எது என்று தெரியாத கல்லை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். துணி துவைக்கத்தான் எடுத்துப் போவார்கள்.

உதயகிரிக் கோட்டையில் டி லனாயின் கல்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்தவர், பிறகு மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவராகி 1777இல் இறந்தார். கல்லில் இலத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. அந்தத் தமிழ் வரிகளை ஊர்ப் பிள்ளைகளை நிறுத்தி வாசிக்க வைக்கும் ஓர் ஆசிரியர் செய்வதும் பாதுகாப்புப் பணிதான் என்று நான் சொல்வேன்.

கடுக்காய்_சுண்ணாம்பு:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவணப்படுத்துவோருக்குத் தனிப் பிரிவு வைத்தால் முதல் ஆண்டிலேயே எழுத்தாளர்கள் வரிசையில் நிற்பார்கள், ஆசாரி மறுபடியும் பின்னால் போய்விடுவார். எழுதுகிறவர்களுக்கு வேறு மேடைகள் ஏராளம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேளிமலை_அடிவாரம்:

இடையில் ஒரு சிறு கேள்வி: மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் கட்டப்பட்டது. 115 அடி உயரம், 28 தூண்கள். 50 ஆண்டு விதிப்படி அதுவும் மரபுக் கட்டடந்தானா?

தேரூர்_குளக்கரை:

ஆம். இன்னும் தண்ணீர் ஓடுகிறது, கீழே வயல் பாய்கிறது. பழையதாவதற்கு வேறென்ன தகுதி வேண்டும்? சுற்றுலா வருகிறவர்கள் தூணில் பெயர் கிறுக்காமல் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒன்று கொடுங்கள்.

ஓட்டுவீட்டுக்காரி_தக்கலை:

எல்லோரும் நல்ல திசையில் பேசுகிறீர்கள். விதிகளில் ஒன்றை மட்டும் இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பிரித்து, தூணும் கதவும் மச்சுத் தட்டும் எண் போட்டு லாரியில் ஏற்றி, கடற்கரையிலோ காயலோரத்திலோ தங்கும் விடுதியாக மறுபடியும் பூட்டுகிறார்கள். மரம் பிழைத்தது என்பது உண்மை. இல்லாவிட்டால் விறகாகியிருக்கும் என்று அவர்கள் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கிணறும் முற்றமும் நாகர்காவு என்ற பாம்புக்காவும் நின்ற இடத்தில் இன்று ஒன்றுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பாராட்டு விழாவில் இப்படிப்பட்ட ஒரு விடுதிக்கு மரபுப் பாதுகாப்பு என்று பரிசு கொடுத்தபோது, அந்த வீட்டை விற்ற குடும்பத்தினர் என் அருகில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பரிசு வாங்கியவர் எங்கிருந்து எடுத்தோம் என்று ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

நாம் இதைத் தடுக்க முடியாது. விற்றவர்கள்மேல் எனக்குக் குறையும் இல்லை. பாகப் பிரிவினையில் ஆறு பங்குக்காரர்கள் உள்ள வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவது? ஆனால் விருதுக்கு வேண்டாம். கட்டடம் தான் நின்ற மண்ணில் நிற்க வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும்.

கொல்லங்கோட்டான்_இப்போது_உட்ரெக்ட்:

அக்கா சொன்ன விதிக்கு என் ஒப்புதல். பங்குக்காரர்கள் பிரச்சினைதான் உண்மையான எதிரி என்று நானும் நினைக்கிறேன். எங்கள் குடும்ப வீடும் அப்படித்தான் பூட்டிக் கிடக்கிறது.

கைவினைஞர்களைப் பற்றிக் கடுக்காய் ஐயா சொன்னதற்கு ஒரு முன்மாதிரி: ஜப்பான் தன் 1950ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தை 1975இல் திருத்தியபோது, கட்டடங்களுக்கு மட்டுமல்லாமல் அவற்றைப் பழுது பார்க்கத் தேவையான தொழில்நுட்பங்களுக்கும் அரசு ஏற்பு வழங்க வழி செய்தது. கூரை வேய்கிறவர், தச்சர், பூச்சு வேலை செய்கிறவர் எல்லோரும் அதில் வருவார்கள். அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதற்கு உதவியும் உண்டு. 2020இல் மரக் கட்டடப் பாதுகாப்புக்கான அந்தத் திறன்களை யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்தது.

ஆசாரி_மகன்:

இந்த இழையை முதலில் இருந்து வாசித்து வருகிறேன். என் அப்பா தச்சு வேலை செய்கிறவர். கழுக்கோல் மாற்றத் தெரிந்தவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் சிலரே இருக்கிறார்கள், அவர்களில் அவரும் ஒருவர். நீங்கள் எல்லோரும் மரியாதையாகப் பேசுவது மகிழ்ச்சி. அப்பாவின் சார்பில் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்.

விழாவை வேலை நாளில் வைக்காதீர்கள். ஒரு நாள் கூலியை இழந்து மேடையில் வந்து உட்கார்ந்து, அமைச்சர் வரும்வரை காத்திருந்து பொன்னாடை வாங்கிக்கொள்ள அவர் வரமாட்டார். நான் கட்டாயப்படுத்தினால் வருவார், பிறகு என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார்.

பரிசாக அவருக்குப் பணம் கொடுப்பதைவிட, அவரோடு ஏறி வேலை பழக வருகிற ஒரு பையனுக்கு ஓராண்டுக் கூலியைக் கொடுங்கள். இன்று கையாளாக வருகிற பையன்களுக்கு அலுமினியச் சட்டமும் ஒட்டுப்பலகையும் போடும் வேலையில் முதல் நாளிலிருந்தே நல்ல கூலி கிடைக்கிறது. ஓட்டுக்கூரை வேலையில் கை பழகவே இரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரை அவனுக்கு யார் கொடுப்பார்கள்? நானே கணினி வேலைக்கு வந்துவிட்டேன். வேறு வீட்டுப் பையனை வரச் சொல்ல எனக்கு வாயில்லை.

கூரைச் சோதனையைப் பற்றி: அப்பாவிடம் கேட்டேன். மழைக்கு முன்பு, சித்திரை மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகச் சொன்னார். கூலி வேண்டும், ஆனால் முழுக்கூலி கேட்கமாட்டார். ஏணியும் கயிறும் அவரிடம் இருக்கின்றன. மாற்றுவதற்குப் பழைய ஓடு வீட்டுக்காரர்களே எடுத்து வைத்திருக்க வேண்டும். புதிய ஓடு பழைய ஓட்டின் பள்ளத்தில் சரியாக உட்காராது, அந்த இடைவெளியில்தான் மறுபடியும் ஒழுகும். அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத வேண்டும், ஏனென்றால் அவர் அளவுகளைக் கோலில் கீறி வைப்பாரே தவிரத் தாளில் எழுதுவதில்லை. எழுதுவதற்கு யார் வருகிறீர்கள்?

ஓட்டுவீட்டுக்காரி_தக்கலை:

நான் எழுதுகிறேன் தம்பி. முதல் ஞாயிறு எங்கள் தெருவிலேயே தொடங்கலாம், நான்கு ஓட்டுவீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய ஓடு எங்கள் தொழுவத்தில் அடுக்கி வைத்திருக்கிறது, மற்ற மூன்று வீட்டுக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குக் காலையில் கட்டன்சாயா போதுமா, பால் விட வேண்டுமா என்பதை மட்டும் தனிச்செய்தியில் சொல்லிவிடுங்கள்.